பசியைப் பாடிய சிறுமி, நந்தனாக நின்ற பெண்

1935ஆம் ஆண்டு வெளிவந்த 'நந்தனார்' பேசும்படத்தில், ஆதனூர்ச் சேரியில் பிறந்த நந்தனாக நடித்தவர் ஒரு பெண். அவர் பெயர் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள். அந்தப் படத்துக்கு அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். இந்தியாவில் அதற்கு முன் எந்த நடிகரும் நடிகையும் அவ்வளவு பெரிய தொகையை ஒரு படத்துக்கு வாங்கியதில்லை என்று சினிமா வரலாறு எழுதுவோர் குறிப்பிடுகிறார்கள்.

அரக்கோணம், திருத்தணி பக்கத்தில் வயதானவர்களிடம் சுந்தராம்பாள் என்று சொன்னால், கையில் கோல், நெற்றியில் திருநீறு, வெள்ளைப் புடவை என்று அவ்வையார் தோற்றம்தான் நினைவுக்கு வரும். ஆடிக் கிருத்திகைக்கு மலையேறும் பக்தர்கள் ஒலிபெருக்கியில் அவர் குரலைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பாட்டிக்குள் ஒரு சிறுமி இருந்தாள். ரயில் பெட்டியில் பாடிச் சில்லறை வாங்கிய சிறுமி. நாடக மேடையில் பசிக்கு அழும் பிள்ளையாக நின்ற சிறுமி. அவள் வளர்ந்து, கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட ஒரு பறையர் அடியாரின் வேடத்தை ஏற்றாள். அந்தப் பயணத்தைத்தான் இந்த வாரம் நாம் எழுதுகிறோம்.

ரயிலில் கேட்ட குரல்

சுந்தராம்பாள் பிறந்தது 1908இல், காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில். தாயார் பாலாம்பாள். தந்தையின் துணை இல்லாத வீடு. சுந்தராம்பாளோடு தம்பி, தங்கை என்று மூன்று பிள்ளைகளை அந்தத் தாய் ஒருத்தியாகக் காப்பாற்ற வேண்டியிருந்தது. நிலம் இல்லை, நிலையான கூலியும் இல்லை. வீட்டில் இருந்த ஒரே முதல் மூத்த பெண்ணின் தொண்டைதான். கொடுமுடி வழியாகப் போகும் ஈரோடு, கரூர், திருச்சி ரயில்களில் அந்தக் குழந்தை பாடியது. பயணிகள் கொடுத்த காசு வீட்டுக்கு அரிசியானது.

அரக்கோணத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் நம் ஊர் வழியாகத்தான் போனது. ரயிலை நம்பியே வளர்ந்த ஊர் இது. சென்னை மின்சார ரயிலில் பாட்டுப் பாடிக்கொண்டு கை நீட்டி வருகிறவர்களை நாம் தினமும் பார்க்கிறோம். பாட்டு நன்றாக இருந்தால் ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்போம், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வோம். நூறு வருடங்களுக்கு முன் கொடுமுடிச் சிறுமியையும் பெரும்பாலானவர்கள் அப்படித்தான் கடந்திருப்பார்கள்.

கடந்து போகாதவர்களும் இருந்தார்கள். திருச்சியில் தென்னிந்திய ரயில்வே அதிகாரியாக இருந்தவர் எஃப்.ஜி. நடேசய்யர். நாடகத்திலும் சங்கீதத்திலும் ஊறியவர். ரயிலில் அந்தக் குரலைக் கேட்டு, இது நாடக மேடைக்குப் போக வேண்டிய குரல் என்று வழிகாட்டியவர் அவர்தான் என்பது நாடக உலகில் வழங்கிவரும் செய்தி. சிறுமி வேலு நாயர் நாடகக் குழுவில் சேர்ந்தார்.

பசிக்கு அழுத பிள்ளை

அந்தக் காலத்து நாடகக் கம்பெனி என்பது பிள்ளைகளின் உழைப்பில் நடந்த தொழில். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்தில் முழுக்கப் பையன்களை வைத்தே நடத்திய பாய்ஸ் கம்பெனிகள் ஊர் ஊராகப் போயின. வறுமையில் இருந்த குடும்பங்கள் பிள்ளைகளைக் கம்பெனியில் விட்டன. சோறு கிடைக்கும், கொஞ்சம் சம்பளம் கிடைக்கும், வித்தையும் கிடைக்கும். அடியும் கிடைக்கும். இரவெல்லாம் நாடகம், பகலில் பாடம். பெண் பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு சுமை உண்டு. மேடை ஏறிய பெண்ணை ஊர் கைதட்டி ரசிக்கும், ஆனால் தன் வீட்டுத் திண்ணையில் சமமாக உட்காரவைக்காது. கூத்தாடி என்ற சொல் எப்போதுமே பாராட்டாக இருந்ததில்லை.

சுந்தராம்பாளுக்கு முதலில் பேர் வாங்கிக் கொடுத்தது 'நல்லதங்காள்' நாடகம். பஞ்சத்தில் அண்ணன் வீட்டை நம்பி ஏழு பிள்ளைகளோடு போகிற நல்லதங்காள், அண்ணியின் கொடுமை தாங்காமல் பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளித் தானும் விழும் கதை. அதில் பசி தாங்காமல் தாயிடம் அழுகிற மூத்த பையன் வேடம் சுந்தராம்பாளுக்கு. மைக் கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசைவரை குரல் போக வேண்டும். அந்தச் சிறுமியின் குரல் கொட்டகையைத் தாண்டிப் போனது. கேட்ட தாய்மார்கள் அழுதார்கள்.

பசியை நடித்துக்காட்ட மற்றப் பிள்ளைகளுக்கு வாத்தியார் சொல்லிக்கொடுத்திருப்பார். ரயிலில் கை நீட்டிய பிள்ளைக்கு அதில் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இருந்திருக்காது என்று நாம் நினைக்கிறோம்.

முதல் வேடமே ஆண் பிள்ளை வேடம் என்பதையும் கவனிக்க வேண்டும். நம் பக்கத்துத் தெருக்கூத்தில் ஆண்கள் சேலை கட்டித் திரௌபதியாக வருவதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். சுந்தராம்பாள் அதற்கு நேர் எதிர். ஸ்திரீபார்ட், ராஜபார்ட் இரண்டும் கட்டினார். நாடகத் தமிழும் கர்நாடக சங்கீதமும் மேடையிலேயே படிந்தன.

கொழும்பும் கிட்டப்பாவும்

அன்றைய தமிழ் நாடகக் குழுக்களுக்கு இலங்கை பெரிய சந்தை. 1917இல், பத்து வயதுகூட நிறையாத நிலையில், சுந்தராம்பாள் கொழும்புக்குப் போனார். அங்கே அவருக்கு ரசிகர் கூட்டம் சேர்ந்தது. குழந்தை நட்சத்திரமாகப் போனவர் அங்கேயும் இங்கேயுமாக நடித்து, பெயர் போட்டாலே கொட்டகை நிறையும் நடிகையாக வளர்ந்தார்.

அதே இலங்கையில்தான் 1926இல் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவோடு சேர்ந்து நடிக்கத் தொடங்கினார். கிட்டப்பாவும் சிறுவனாக மேடை ஏறியவர்தான். உச்ச ஸ்தாயியில் அவர் குரல் போகும் இடத்துக்கு அன்று வேறு யாரும் போகவில்லை என்பார்கள். இருவரும் சேர்ந்து நடித்த 'வள்ளி திருமணம்' தமிழ்நாடெங்கும் பேசப்பட்டது. வள்ளி நம் ஊர்ப் பக்கத்துப் பெண். வள்ளிமலையில் குறவர் வீட்டில் வளர்ந்து, தினைப்புனம் காத்தவள். அவளை மணந்து முருகன் அமர்ந்த இடம் திருத்தணி என்பது நம் மக்களின் நம்பிக்கை. கடவுளே குறவர் வீட்டில் பெண் கேட்டுப் போன கதையை விடிய விடியக் கைதட்டிப் பார்த்த ஊர்கள், தங்கள் வீட்டில் அப்படி ஒரு கல்யாணம் நடக்க விட்டனவா என்பது வேறு கேள்வி.

மேடையில் பிறந்த பழக்கம் 1927இல் திருமணத்தில் முடிந்தது. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். அவர் பிராமணக் குடும்பம். சேர்ந்து வாழ்ந்த காலம் கொஞ்சம், மனத்தாங்கல் அதிகம். 1933 டிசம்பரில், 30 வயதுகூட ஆகாத நிலையில், கிட்டப்பா இறந்தார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்றிலிருந்து வெள்ளைப் புடவை. இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி எடுத்தார். மேடையை விட்டு ஒதுங்கினார்.

ஒரு லட்ச ரூபாய் நந்தன்

அந்த ஒதுக்கத்திலிருந்து அவரை வெளியே கொண்டுவந்தது நந்தன் கதைதான். படம் எடுக்க வந்தவர் ஹசன்தாஸ். நடிக்க விருப்பமில்லாத சுந்தராம்பாள், கேட்டால் ஓடிவிடுவார்கள் என்று நினைத்து ஒரு லட்சம் கேட்டதாகவும், அவர்கள் சம்மதித்துவிட்டதாகவும் சொல்வார்கள். நந்தன் ஆண் வேடம் என்பதால் அவர் எடுத்த உறுதிக்கும் பங்கம் வரவில்லை. மாணிக் லால் டாண்டன் இயக்கினார். நந்தனை அடிமையாக வைத்திருக்கும் வேதியராக நடித்தவர் பெரிய சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர்.

படம் வந்தபோது பாட்டைப் புகழ்ந்தவர்கள் இருந்தார்கள். நடிப்பைக் கேலி செய்தவர்களும் இருந்தார்கள். ஆனந்த விகடனில் கல்கி செய்த கேலி இன்றும் சினிமா புத்தகங்களில் பேசப்படுகிறது. அந்த விமர்சனங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, நம் மக்கள் பக்கமிருந்து அந்தப் படத்தைப் பார்க்க வேண்டிய கடமை இந்தப் பத்திக்கு உண்டு.

முதலில் கதை யாருடையது என்று பார்ப்போம். சுந்தரர் தன் தொண்டத்தொகையில் திருநாளைப்போவாரைப் பெயர் சொல்லி வணங்குகிறார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரிவாக எழுதினார். ஆதனூர்ப் புலைப்பாடி, கோயில்களுக்குத் தோலும் நரம்பும் கொடுத்த தொண்டு, திருப்புன்கூரில் விலகிய நந்தி, தில்லையில் தீ வளர்த்து அதில் மூழ்கி எழுந்த பின்பே உள்ளே போனது, எல்லாம் அங்கே உண்டு. ஆனால் கொடுமைக்கார வேதியர் அங்கே கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார்தான் தன் சரித்திரக் கீர்த்தனையில் அவரைக் கொண்டுவந்தார். பண்ணையாளும் ஆண்டையும் என்ற, தஞ்சை மாவட்டத்தில் அன்று கண்முன் நடந்த உறவு கதைக்குள் வந்தது. நந்தன் பக்தன் மட்டும் அல்ல, சிதம்பரம் போக ஒரு நாள் விடுப்புக்குக்கூட ஆண்டையிடம் கெஞ்ச வேண்டிய கூலியாள் என்று ஆனது. கடைசியில் அந்த வேதியரே நந்தன் காலில் விழுகிறார்.

பாரதியார் செய்தது பெரிய காரியம். அதை மறுக்கவில்லை. ஆனாலும் கதையின் முடிவு மாறவில்லை. நந்தன் கோயிலுக்குள் போக வேண்டும் என்றால் தன் உடம்பைத் தீயில் இட வேண்டும். பிறந்த உடம்போடு உள்ளே வரக் கூடாது. அயோத்திதாசப் பண்டிதர் இதை ஏற்காமல், நந்தனைப் பௌத்த மன்னனாகக் காட்டி வேறொரு சரித்திரம் எழுதினார். ஆரணி பக்கத்து மேல்புதுப்பாக்கத்தில் பிறந்த சுவாமி சகஜானந்தர் இன்னொரு வழியில் போனார். சிதம்பரத்தில் 1916இல் நந்தனார் பெயரிலேயே கல்விக் கழகம் தொடங்கி, நம் பிள்ளைகளைப் படிக்கவைத்தார். நந்தன் பெயரை அழவைக்க மட்டும் பயன்படுத்தாமல் பள்ளிக்கூடத்துக்கு வைத்தவர், நம் வடாற்காட்டு மண்ணின் மகன்.

படம் வந்த அதே 1935 அக்டோபரில் அண்ணல் அம்பேத்கர் இயோலா மாநாட்டில் பேசினார். நாசிக் காலாராம் கோயில் வாசலில் 1930இலிருந்து நடந்த போராட்டம் பலன் தராத நிலையில், இனி கோயில் கதவைத் தட்டுவதில் சக்தியைச் செலவிட வேண்டாம் என்றார். இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்ததும் அங்கேதான். ஒரே வருடத்தில் திரையில் ஒரு நந்தன் கோயிலுக்குள் போகத் தீயில் இறங்குகிறார். மாநாட்டு மேடையில் ஒரு தலைவர் அந்தக் கதவே நமக்கு வேண்டாம் என்கிறார்.

கொட்டகையும் கோயிலும்

இந்த இரண்டுக்கும் நடுவில் கொட்டகை இருந்தது. சாதி பார்க்காமல் தமிழர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலை இடம் சினிமா கொட்டகைதான் என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி எழுதியிருக்கிறார். அங்கே இடத்தைத் தீர்மானித்தது கையில் இருந்த காசு. காசு இல்லாதவனுக்குத் தரை, அது உண்மைதான். ஆனால் பிறப்பைக் கேட்டுக் கதவைச் சாத்தும் வழக்கம் அங்கே கோயில் அளவுக்கு நிலைக்க முடியவில்லை. சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது 1939இல். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம்மவர்கள் போனதும் அந்த வருடம்தான். மாகாணம் முழுவதற்குமான கோயில் நுழைவு அதிகாரச் சட்டம் 1947இல் வந்தது. அதாவது 1935இல் டிக்கெட் வாங்கிக் கொட்டகையில் உட்கார்ந்த ஒரு பறையர், திரையில் நந்தன் தில்லைக்குள் போவதைப் பார்க்கலாம். அவரே தில்லைக்குப் போனால் வாசலோடு சரி.

அந்தக் கொட்டகையில் சுந்தராம்பாளின் குரல் என்ன செய்திருக்கும்? நந்தன் அனுமதி கேட்டு நிற்கிறார். ஆண்டை மறுக்கிறார். நாளைக்கு, நாளைக்கு என்று நாள் தள்ளிப்போகிறது. அந்த ஏக்கத்தை ஒரு குரல் எட்டுக் கட்டைக்கு மேலே ஏறிச் சொல்கிறது. சேரியில் இருந்து வந்து தரையில் உட்கார்ந்தவர்கள் அழுதிருந்தால், அது பக்தியில் மட்டும் வந்த அழுகை அல்ல. வயல் வேலைக்கு விடுப்புக் கேட்டு நின்ற அவர்களது சொந்த நாட்களும் அதில் இருந்திருக்கும்.

இன்னொரு கேள்வியையும் கேட்கத்தான் வேண்டும். நந்தன் வேடத்துக்கு ஒரு லட்சம் கொடுக்க ஆள் இருந்தது. நந்தன் குலத்துப் பிள்ளை ஒருவரை அந்த வேடத்துக்கு அழைக்க ஆள் இல்லை. அந்தப் பிள்ளைகள் கூத்து ஆடவில்லையா, பறை அடிக்கவில்லையா, பாடவில்லையா? எல்லாம் செய்தார்கள். 1942இல் ஜெமினி மறுபடி 'நந்தனார்' எடுத்தபோதும் எம்.எம். தண்டபாணி தேசிகர்தான் நடித்தார். நம் கதை விலை போனது. நாம் கொட்டகையில் தரையிலேயே இருந்தோம். இது சுந்தராம்பாளின் குற்றம் அல்ல. அந்த வேடத்தை மேல்பூச்சாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை என்பதே அவர் மேல் நமக்குள்ள மரியாதை.

கையில் அமுதசுரபி

1940இல் அவர் நடித்த அடுத்த படம் 'மணிமேகலை'. இதையும் நம் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். துறவு பூண்டு, அமுதசுரபி ஏந்தி, பசித்தவர்களுக்குச் சோறிட்ட மணிமேகலையின் கதை தமிழ்ப் பௌத்தத்தின் பெருஞ்செல்வம். நல்லதங்காளின் பிள்ளையாகப் பசிக்கு அழுதவர், மணிமேகலையாக அமுதசுரபியைக் கையில் ஏந்தினார். அயோத்திதாசர் வழியில் பௌத்தத்தைத் தேடிப் போகிறவர்கள் நந்தனாரோடு சேர்த்து இந்தப் படத்தையும் நினைவில் வைக்கலாம்.

பிறகு நடந்தவை பலருக்கும் தெரியும். சத்தியமூர்த்தியோடு காங்கிரஸ் மேடைகளில் பாடினார். எந்தத் தலைவர் பேசுவதற்கு முன்னாலும் கூட்டம் சேர்ப்பது அவர் பாட்டாக இருந்தது. 1950களில் சென்னை மாகாணச் சட்ட மேலவை உறுப்பினர் ஆனார். சட்டமன்றத்துக்குள் போன முதல் திரைக்கலைஞர் அவர். 1953இல் ஜெமினியின் 'அவ்வையார்' அவரை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. 'பூம்புகார்', 'திருவிளையாடல்', 'கந்தன் கருணை' வந்தன. 1969இல் 'துணைவன்' பாட்டுக்குத் தேசிய விருது. 1970இல் பத்மஸ்ரீ. 1973இல் 'காரைக்கால் அம்மையார்' படத்தில் முதிய அம்மையாராக நடித்தார். அந்த அம்மையார் தலையால் நடந்து வந்து ஐக்கியமானதாகச் சொல்லப்படும் திருவாலங்காடு நமக்கு நாலு ஸ்டேஷன் தூரம்கூட இல்லை. சொந்த ஊர் கொடுமுடியில் தன் பெயரில் ஒரு சினிமா கொட்டகை கட்டினார். 1980இல் மறைந்தார்.

ரயிலில் பாடிய குழந்தை மேலவை நாற்காலிவரை போனதற்குத் திறமை மட்டும் காரணம் அல்ல. ஒரு கதவு திறந்தது. கேட்கக்கூடிய ஒருவர் அந்தப் பெட்டியில் இருந்தார். வாய்ப்புக் கொடுக்க ஒரு நாடகக் குழு இருந்தது. அதே தொண்டை, அதே பசி, வேறு தெருவில் பிறந்திருந்தால் அந்தக் கதவு திறந்திருக்குமா என்பதை நேர்மையாக யோசிக்க வேண்டும். நம் தெருக்களில் நல்ல குரலோடு பிறந்த எத்தனையோ பிள்ளைகள் வரப்பில் நடவுப் பாட்டாகவும், சாவு வீட்டில் ஒப்பாரியாகவும் பாடி முடித்துவிட்டார்கள். அவர்களைப் பதிவு செய்ய இசைத்தட்டு வரவில்லை.

இன்று நிலைமை முழுக்க அப்படி இல்லை. அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. பறையைச் சாவுக்கு மட்டும் என்று ஒதுக்கிய காலம் மாறி, நம் பிள்ளைகள் அதை மேடையில் தலை நிமிர்ந்து அடிக்கிறார்கள். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. ஆனால் சுற்றுவட்டாரக் கிராமங்களில் கூத்து ஆடும் நம் பெரியவர்கள் பலர் இன்னும் அதில் பதிவு செய்யாமல் இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பள்ளிப் போட்டிக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குகிறார்கள். படிப்பு கெடும் என்ற பயம் நியாயமானதுதான். குழந்தையின் உழைப்பில் குடும்பம் நடந்த நாடகக் கம்பெனிக் காலம் திரும்ப வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பள்ளிக்கூடமும் வேண்டும், பாட்டும் வேண்டும். நந்தன் பெயரில் பள்ளிக்கூடம் வைத்த சகஜானந்தர் நமக்குக் காட்டிய வழி அதுதான்.

பங்குனி, சித்திரையில் நம் பக்கத்துத் திருவிழாக்களில் கூத்து வைக்கும்போது ஏதாவது ஓர் ஊரில் நந்தன் சரித்திரமும் வரலாம். அதை ஆடுகிற குழு நம்மவர்களாக இருந்தால் ஒன்றை யோசிக்கட்டும். விடுப்புக் கேட்டுக் கெஞ்சும் இடத்தை முழுதாகப் பாடுங்கள், அது நம் தாத்தாக்களின் வாழ்க்கை. தீ வளர்க்கும் இடம் வரும்போது, நந்தனை அதில் இறக்கத்தான் வேண்டுமா என்று ஆட்டக்காரர்களும் ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.